மேல்சபையில் ஒரு நாள்: பாலாற்று நீரும் டில்லியில் நிறைவேறிய மசோதாவும்

வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கிராமங்களில், ஐக்கிய சங்கத்தில் கடன் வாங்கிக் கிணறு தோண்டியவர்கள் அநேகர். கிணற்றில் நீர் இருந்தும் அது வாய்க்கும் வயலுக்கும் உதவாமற் போன கிராமங்களும் அப்பகுதியில் உண்டு. நீர் கெட்டால் பயிர் கெடும். பயிர் கெட்டால் தவணை தவறும். தவணை தவறியவர் தொகை பெருகினால் சங்கத்தின் கணக்கே சாயும். மறுபுறத்தில், அதே கிராமங்களிலிருந்து தினந்தோறும் காலையில் தோல் ஷாப்புக்கும் செருப்புத் தொழிற்சாலைக்கும் கூலிக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் பல்லாயிரவர். அந்தக் கூலியும் சங்கக் கடனை அடைக்கவே வருகிறது. ஆகையால் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு நீரைப் பற்றி எங்கேனும் ஒரு சட்டம் இயற்றப்படுமாயின், சங்க அங்கத்தினர்கள் அதை அயலார் வியவகாரம் என்று விட்டுவிடுதல் இயலாது.

அத்தகைய சட்டமொன்று 2024-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 6-ந் தேதி செவ்வாய்க்கிழமையன்று, டில்லியில் ராஜ்ய சபை என்னும் மேல்சபையில் நிறைவேறியது. நீர் (மாசு தடுப்பு, கட்டுப்பாடு) திருத்த மசோதா என்பது அதன் பெயர். முதல் நாள் 5-ந் தேதி அச்சபையில் கொண்டுவரப்பட்டது, மறுநாள் நிறைவேறியது, 8-ந் தேதி கீழ்ச்சபையாகிய லோக் சபையும் அதை ஏற்றுக்கொண்டது, 15-ந் தேதி ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்தது. அந்த ஒரு நாளில் நடப்பது யாது, நடந்ததன் பயன் பாலாற்றங்கரைக்கு எந்த வழியாக வந்து சேரும் என்பன இங்கே விவரிக்கப்படுகின்றன. வழி நேரானதன்று.

சபையின் அமைப்பு

ராஜ்ய சபை என்பதற்கு ராஜ்யங்களின், அதாவது மாநிலங்களின் சபை என்று பொருள். அது 1952-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி அமைக்கப்பெற்று, அவ்வருஷம் மே மாதம் 13-ந் தேதி முதன்முதலாகக் கூடிற்று. உபஜனாதிபதியே அதன் அக்கிராசனர். முதல் அக்கிராசனராக இருந்த டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்தவர். வேலூர் ஊரிஸ் கல்லூரியில் வாசித்தவர். இந்த ஜில்லாக்காரர்களுக்கு அச்சபையோடு அந்த அளவில் ஒரு பழைய உறவு உண்டு.

அரசியல் சட்டப்படி சபையின் அங்கத்தினர் 250 பேர்வரை இருக்கலாம். நடைமுறையில் உள்ள ஸ்தானங்கள் 245. அவற்றில் 233 ராஜ்யங்களுக்கும் சில யூனியன் பிரதேசங்களுக்கும் உரியவை. எஞ்சிய 12 பேரைக் கலை, இலக்கியம், விஞ்ஞானம், சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களாகப் பார்த்து ஜனாதிபதி நியமிக்கிறார். தமிழ்நாட்டுக்கு 18 ஸ்தானங்கள் உண்டு. அங்கத்தினர் பதவிக்காலம் ஆறு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலக, அவ்விடங்களுக்குப் புதிதாகத் தேர்தல் நடக்கும். லோக் சபையைக் கலைக்கலாம். இச்சபையைக் கலைக்க முடியாது.

குடியானவர் இச்சபைக்கு நேராக வோட்டுப் போடுவதில்லை. ஆம்பூர்த் தொகுதியில் வோட்டுப் போடுகிறவர் சட்டசபைக்கு ஓர் அங்கத்தினரை அனுப்புகிறார். அவரும் ஏனைய சட்டசபை அங்கத்தினருமாக 234 பேர் சேர்ந்து மேல்சபைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்கு எளிது. ஒரு தடவையில் ஆறு ஸ்தானங்கள் காலியாகுமானால், 234-ஐ ஏழால் வகுக்க வேண்டும். 33-க்குச் சற்று மேல் வரும். ஆகவே 34 பேருடைய முதல் விருப்ப வோட்டைப் பெற்றவர் தேறிவிடுவார். தேவைக்கு மிஞ்சிய வோட்டுகள் அடுத்த விருப்பத்தில் எழுதப்பட்டவர்க்கு மாற்றப்படும். 2003-ம் வருஷம் முதல் இந்த வோட்டு இரகசியமானதன்று. கட்சியைச் சேர்ந்த சட்டசபை அங்கத்தினர் தம் வோட்டுச் சீட்டைக் கட்சியின் ஏஜெண்டுக்குக் காட்டியே பெட்டியில் போட வேண்டும்.

சென்னையிலும் முன்பு ஒரு மேல்சபை இருந்தது. 1935-ம் வருஷத்து இந்திய சர்க்கார் சட்டத்தின்படி 1937-ல் ஏற்பட்ட அந்தச் சபை, 1986-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி நீக்கப்பட்டது. அன்று முதல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரே சபையாக நடந்து வருகிறது. இந்தச் செய்தி பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரு நாளின் கிரமம்

ஐக்கிய சங்கத்தின் பொதுக்கூட்டத்தை நடத்திப் பழகியவர்களுக்கு மேல்சபையின் நடைமுறை முற்றும் புதிதாகத் தோன்றாது. கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் உண்டு; கோரம் உண்டு; நடவடிக்கைக் குறிப்பு உண்டு. கோரம் மொத்த அங்கத்தினரில் பத்தில் ஒரு பங்கு. அதாவது 25 பேர். ஒரு வித்தியாசம் மட்டும் கவனிக்கத் தக்கது. சங்கத்தின் தலைவர் அங்கத்தினருள் ஒருவர். மேல்சபையின் அக்கிராசனரோ சபையின் அங்கத்தினர் அல்லர். இரு பக்கமும் வோட்டு சமமாக நின்றால் அன்றி அவருக்கு வோட்டு இல்லை.

காலை 11 மணிக்கு அக்கிராசனர் வந்ததும் சபை தொடங்கும். காலமான முன்னாள் அங்கத்தினர் எவரேனும் இருப்பின் அவருக்கு அஞ்சலி செலுத்தப்படும். அடுத்து மந்திரிகள் தங்கள் இலாகாவின் அறிக்கைகள், கணக்குகள், விதிகள் முதலியவற்றைச் சபையின் மேஜைமீது வைப்பார்கள். இச்சடங்கு சில நிமிஷங்களில் முடிந்துவிடும். பத்திரிகைகள் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதா. ஆயினும் ஒரு சட்டத்தின்கீழ் சர்க்கார் செய்யும் விதிகள் அந்த மேஜைக்கு வந்தே தீரவேண்டும். வரும் விதிகளை வாசித்துப் பார்க்கும் அங்கத்தினர் இருந்தால், அவற்றை மாற்றவும் ரத்துச் செய்யவும் பிரேரணை கொண்டுவரலாம்.

அதன்பின் பூஜ்ய நேரம் என்று வழங்கும் பகுதி. முன்னறிவிப்பு நாட்கள் வேண்டாமல், அன்று காலையில் எழுதிக் கொடுத்து அக்கிராசனர் அநுமதி பெற்ற அவசர விஷயங்களை அங்கத்தினர்கள் பேசுவார்கள். ஒருவருக்கு மூன்று நிமிஷம். அது முடிந்ததும் ஒலிபெருக்கி நின்றுவிடும், வாக்கியம் முடிந்தாலும் முடியாவிட்டாலும். விசேஷக் குறிப்பு என்று மற்றொரு முறையும் உண்டு. அதில் 250 சொற்களுக்குள் அடங்கிய எழுத்தை வாசிக்க வேண்டும். தமிழில் பேசலாமா என்ற சந்தேகம் சிலருக்கு உண்டு. பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்க்க ஆட்கள் இருக்கிறார்கள். அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் 2018-ம் வருஷம் முதல் இந்த வசதி ஏற்பட்டிருக்கிறது.

நண்பகல் 12 மணி முதல் ஒரு மணி வரை கேள்வி நேரம். முன்பு இதுவே நாளின் முதல் அலுவலாக 11 மணிக்கு இருந்தது. 2014-ம் வருஷத்துக் கடைசியில் 12 மணிக்கு மாற்றப்பட்டது. காலை வேளையில் எழும் கூச்சலில் கேள்விகள் அடிபட்டுப் போகாமலிருக்க வேண்டும் என்பதே மாற்றத்தின் நோக்கம். கூச்சல் சில நாட்களில் 12 மணிக்கும் வந்து சேருகிறது.

கேள்விகள் இருவகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி வாயினால் பதில் சொல்ல வேண்டும். அதைத் தொடர்ந்து துணைக் கேள்விகளும் கேட்கலாம். ஒரு நாளைக்கு இவை 15. குறியில்லாத கேள்விக்கு எழுத்து மூலம் பதில் கிடைக்கும்; இவை ஒரு நாளைக்கு 160. கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கிராமத்தாருக்கு உபயோகப்படுவது பெரும்பாலும் இரண்டாம் வகையே. இன்ன ஊரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மத்திய சர்க்கார் கொடுத்த பணம் எவ்வளவு, எந்த வருஷத்தில் கொடுக்கப்பட்டது, வேலை முடிந்ததா என்று கேட்டால், பதில் அச்சாகிப் பொதுச் சொத்தாகிவிடும். பிற்பாடு எந்த உத்தியோகஸ்தரும் அதை மறுத்துப் பேசுவது கடினம். ஆனால் ராஜ்ய சர்க்காரின் பொறுப்பிலுள்ள விஷயத்தை இங்கே கேட்டால், கேள்வி தள்ளப்படும். ஆம்பூரில் எந்தக் கால்வாயில் எந்தச் சாலையின் கழிவு விழுகிறது என்று டில்லியில் கேட்பதில் பயனில்லை. அது சென்னையில் கேட்க வேண்டியது.

ஒரு மணிக்கு மதிய போஜனத்துக்காகச் சபை கலைந்து, இரண்டு மணிக்குத் திரும்பக் கூடும். சட்டமியற்றும் அலுவல் பெரும்பாலும் பிற்பகலில்தான். வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் மட்டும் இரண்டரை மணி நேரம், மந்திரிகள் அல்லாத அங்கத்தினர்கள் கொண்டுவரும் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் ஒதுக்கப்படும். பண மசோதா ஒன்றைத் தவிர எந்தச் சாதாரண மசோதாவும் இரு சபைகளில் எதிலும் தொடங்கலாம். பண மசோதா லோக் சபையில்தான் தொடங்கவேண்டும். மேல்சபை அதை 14 நாளுக்குள் சிபார்சுகளுடன் திருப்பி அனுப்பலாமேயன்றித் தடுக்க முடியாது.

மசோதாவின் மூன்று படிகள்

மசோதா முதலில் சபையில் பிரவேசிக்கிறது. இதில் விவாதம் அபூர்வம். இரண்டாவதாக, அதை யோசனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டுமென்று மந்திரி பிரேரேபிக்கிறார். பொது விவாதம் இங்கேதான் நடக்கும். எந்தக் கட்சிக்கு எத்தனை நிமிஷம் என்பது அங்கத்தினர் தொகையைக் கொண்டு நிர்ணயிக்கப்படும். மசோதாவை ஒரு கமிட்டிக்கு அனுப்ப வேண்டுமென்று எவரேனும் பிரேரேபிப்பதும் இந்தக் கட்டத்திலேயே. பின்பு பிரிவு பிரிவாக எடுத்துத் திருத்தங்களைக் கேட்டு வோட்டெடுப்பர். மூன்றாவது படி, மசோதாவை நிறைவேற்ற வேண்டுமென்ற பிரேரணை.

வோட்டு பெரும்பாலும் குரல் மூலம். ஆதரிப்பவர் ஒரு குரலாகவும் எதிர்ப்பவர் ஒரு குரலாகவும் சொல்ல, எந்தக் குரல் மிகுந்தது என்பதை அக்கிராசனர் அறிவிப்பார். அதை ஒப்பாத அங்கத்தினர் எண்ணிப் பார்க்கும்படி கோரலாம். அப்போது மணி அடித்து, இயந்திரத்தின் மூலம் ஒவ்வொருவர் வோட்டும் பதிவாகும். 2024 பிப்ரவரி 6-ந் தேதி மசோதா குரல் வோட்டினாலேயே நிறைவேறியது. ஆதலால் அன்று பேசியவர்களின் பேச்சு ஏட்டில் இருக்கிறது; எந்த அங்கத்தினர் எந்தப் பக்கம் வோட்டளித்தார் என்பது ஏட்டில் இல்லை. தங்கள் சங்கத்தில் கை தூக்கியவர்களை எண்ணிக் குறித்துக்கொள்ளும் காரியதரிசிகளுக்கு இது சற்று விசித்திரமாகப் படலாம்.

இங்கே ஓர் ஒப்புமை சொல்லத் தகும். திருத்தப்பட்ட மூலச் சட்டம் 1974-ம் வருஷத்தியது. அதன் மசோதாவும் மேல்சபையில்தான் பிறந்தது. 1969-ம் வருஷத்தில் கொண்டுவரப்பட்ட அதை இரு சபைகளின் கூட்டுக் கமிட்டியொன்று ஆராய்ந்தது. 1974 மார்ச் 23-ந் தேதியே அது சட்டமாயிற்று. தாய்ச் சட்டத்துக்கு நான்கு வருஷத்துக்கு மேல் பிடித்தது. திருத்தத்துக்கு இரண்டு சபைகளிலுமாக நான்கு நாட்கள் போதுமாயிருந்தன. விரைவு எப்போதும் குற்றமன்று. ஆயினும் ஆற்றங்கரைக் கிராமத்தார் இப்படி ஒரு மசோதா வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, தங்கள் அபிப்பிராயத்தை எழுதி அனுப்பத் தபாலுக்கு வேண்டிய அவகாசமும் அதில் இல்லை.

மசோதா செய்தது என்ன

1974-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, கழிவு நீரை வெளியே விடும் தொழிற்சாலையைத் தொடங்குவதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சம்மதம் வேண்டும். சம்மதமின்றி நடத்தினாலும், வகுக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்ட நச்சுப் பொருளை ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ விட்டாலும், ஒன்றரை வருஷம் முதல் ஆறு வருஷம் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. திருத்தம் இதைப் பிரித்தது. சம்மதமின்றித் தொழிற்சாலை நடத்துவோர்க்குச் சிறை முன்போலவே நீடிக்கிறது. அளவுக்கு மீறிக் கழிவை விடுதல் முதலிய பல குற்றங்களுக்குச் சிறை நீக்கப்பட்டு, அவற்றுக்குப் பதிலாக ரூபாய் 10,000-க்குக் குறையாமலும் 15 லட்சத்துக்கு மேற்படாமலும் தண்டத் தொகை விதிக்கப்பட்டது. தண்டத்தை நிர்ணயிப்பது கோர்ட்டு அன்று. மத்திய சர்க்காரில் கூட்டுக் காரியதரிசி அல்லது ராஜ்ய சர்க்காரில் காரியதரிசி அந்தஸ்துக்குக் குறையாத ஓர் உத்தியோகஸ்தர். அவர் தீர்ப்பின்மேல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அப்பீல் செய்யலாம்; அதற்குத் தண்டத் தொகையில் பத்தில் ஒரு பங்கை முன்னதாகக் கட்டவேண்டும்.

இன்னும் இரண்டு மாறுதல்கள் உண்டு. சிலவகைத் தொழிற்சாலைகள் வாரியத்தின் சம்மதம் பெறவேண்டியதில்லை என்று விலக்களிக்கும் அதிகாரம் மத்திய சர்க்காருக்குக் கொடுக்கப்பட்டது. ராஜ்ய வாரியத்தின் தலைவரை ராஜ்ய சர்க்காரே நியமிக்குமாயினும், நியமிக்கும் முறையை மத்திய சர்க்கார் விதிகளால் வகுக்கும்.

சர்க்கார் தரப்பின் வாதம் யாதெனில், மனிதருக்கோ நீருக்கோ தீங்கு விளையாத சிறு தவறுகளுக்கும் சிறை என்று வைத்திருப்பது தொழில் நடத்துவோரை வீணே அச்சுறுத்துகிறது என்பது. எதிர்த்தரப்பின் வாதம், சிறைப் பயம் நீங்கினால் தண்டத் தொகையைத் தொழிற்செலவோடு ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள் என்பதும், ராஜ்யங்களின் அதிகாரம் குறைகிறது என்பதும்.

இரண்டிலும் உண்மை உண்டு. கிரிமினல் வழக்கு வருஷக்கணக்காக இழுபடும். உத்தியோகஸ்தர் விதிக்கும் தண்டம் விரைவில் முடியலாம். கூலிக்கு மட்டும் தோல் பதனிட்டுக் கொடுக்கும் சிறு ஷாப்புக்காரரை 15 லட்ச ரூபாய் தண்டம் ஒரேயடியாகச் சாய்த்துவிடும். பெரிய ஏற்றுமதி வியாபாரிக்கோ அதே தொகை ஒரு கப்பல் சரக்கின் லாபத்தில் சிறு பங்கு. எவ்வளவு பெரியவர், எவ்வளவு கழிவு என்று பார்த்து ஏறும் தண்டமாக இருந்தால் பொருத்தமாயிருக்கும். அடித்தொகை 10,000 ரூபாய் என்பதும் சிந்திக்க வேண்டியதே. அந்தத் தொகை வேலூர்ப் பகுதிக்குப் புதிதன்று.

1996-ம் வருஷத்துத் தீர்ப்பு

பாலாறு கர்நாடகத்திலுள்ள நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தின் ஒரு மூலை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, செங்கற்பட்டுக் கடற்கரையில் கடலோடு கலக்கிறது. மேலே மணலும் கீழே ஊற்றுமாகக் கிடக்கும் ஆறு அது. வெள்ளம் வரும் நாட்கள் சில. ஆகையால் கழிவை அடித்துச் செல்ல நீரோட்டமில்லை. விட்ட கழிவு அங்கேயே இறங்கி ஊற்றில் சேர்கிறது.

பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் கொண்டு தோல் பதனிடப்பட்டது. 1970-களில் அரைப்பதத் தோலின் ஏற்றுமதியைச் சர்க்கார் கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதப்படுத்திய தோலையும் தோற்பொருள்களையும் அனுப்பத் தூண்டியது. அந்நியச் செலாவணி பெருகியது. ஆம்பூரில் செருப்புத் தொழிற்சாலைகள் எழுந்து வேலை பெருகியது. குரோமியம் என்னும் உலோகத்தின் உப்பைக் கொண்டு பதனிடும் முறையும் பரவிற்று. பட்டை முறை சுத்தமானது என்று சொல்லவும் கூடாது. இரு முறையிலும் பச்சைத் தோல் கெடாதிருக்க இடும் சமையல் உப்பு கழிவு நீரோடு போகிறது. நிலத்தைக் கெடுப்பதில் அந்த உப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. தோல் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழாயிற்று என்பதும், ஒரு கிலோ தோல் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதும் அத்தீர்ப்பில் கூறப்பட்டவை. தீங்கு நேருமுன் காக்க வேண்டும், மாசுபடுத்தினவரே ஈடு செய்யவேண்டும் என்ற இரு நியாயங்களையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று கோர்ட்டு அறிவித்தது. ஐந்து ஜில்லாக்களிலிருந்த 900-க்கு மேற்பட்ட தோல் பதனிடும் சாலைகளும் தலைக்கு ரூபாய் 10,000 கலெக்டர் கச்சேரியில் கட்டவேண்டும் என்றும் உத்தரவாயிற்று. 28 வருஷம் கழித்து மேல்சபை நிறைவேற்றிய மசோதாவின் அடித்தொகையும் அதுவே. இடையில் கூலியும் தோல் விலையும் எவ்வளவு ஏறின என்பது அங்கத்தினர்கள் அறிந்ததே.

அத்தீர்ப்பின் விளைவாக ஏற்பட்ட நஷ்ட நிர்ணய ஆணையம் 2001-ம் வருஷம் மார்ச் மாதத்தில் 29,000 பேருக்கு மேற்பட்டவர்களுக்கு நஷ்டஈடு நிர்ணயித்தது. மீதியிருந்த விவகாரம் மீண்டும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 2025 ஜனவரி 30-ந் தேதி மற்றொரு தீர்ப்பு வந்தது. நஷ்டஈட்டைச் சர்க்கார் முதலில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும், ஓய்வுபெற்ற ஹைக்கோர்ட்டு நீதிபதியின் தலைமையில் கண்காணிப்புக் கமிட்டி அமைக்கவேண்டும் என்பவை அதன் உத்தரவுகளில் சில.

இடைக்காலத்தில் தோல் வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய இடங்களில் ஷாப்புக்காரர்கள் பங்கு போட்டுக் கம்பெனி அமைத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். பிற்பாடு, கழிவு நீரை வெளியே விடாமல் சுத்தி செய்து திரும்ப உபயோகிக்கும் இயந்திரங்களும் அவற்றில் வந்தன. தனியாக முடியாததைப் பலர் கூடிச் செய்யும் இம்முறை ஐக்கிய சங்கத்தின் முறையோடு ஒத்தது. அதன் பலவீனமும் ஒன்றே: பங்குதாரரில் ஒருவர் தம் கழிவைக் குழாயில் விடாமல் இரவில் ஓடையில் திறந்துவிட்டால், கெட்ட பெயர் அனைவருக்கும்.

டில்லியிலிருந்து பாலாற்றுக்கு

இனி முக்கியமான விஷயம். மேல்சபை நிறைவேற்றி, கீழ்ச்சபை ஏற்று, ஜனாதிபதி சம்மதித்ததனால் மட்டும் அந்தத் திருத்தம் ஆம்பூருக்கு வந்துவிடவில்லை. அரசியல் சட்டத்தில் நீர் என்பது ராஜ்யங்களின் அதிகாரப் பட்டியலில் உள்ளது. அதில் பார்லிமெண்டு தானாகச் சட்டம் செய்ய முடியாது. 252-வது ஷரத்தின்படி, இரண்டோ அதற்கு மேற்பட்டோ ராஜ்யங்களின் சட்டமன்றங்கள் தீர்மானம் செய்து கேட்டுக்கொண்டால் செய்யலாம். அப்படிச் செய்த சட்டம் கேட்டுக்கொண்ட ராஜ்யங்களுக்கே பொருந்தும். ஏனைய ராஜ்யங்கள் விரும்பினால் தத்தம் சட்டமன்றத் தீர்மானத்தால் பின்பு ஏற்றுக்கொள்ளலாம்.

1974-ம் வருஷத்துச் சட்டத்தைக் கேட்டுக்கொண்டவை 12 ராஜ்யங்கள். கேரளமும் கர்நாடகமும் அவற்றில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. தமிழ்நாடு பின்னரே அதை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ம் வருஷம் பிப்ரவரியில் ஏற்பட்டது. 2024-ம் வருஷத்துத் திருத்தத்தைத் தீர்மானம் செய்து கேட்டவை இமாசலப் பிரதேசமும் ராஜஸ்தானமும். சட்டம் தொடக்கத்தில் அவ்விரண்டுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் மட்டுமே என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே டில்லிச் செய்தியை வாசித்தவுடன், இனிக் கழிவு நீருக்குச் சிறை இல்லை என்று ஷாப்புக்காரர் மகிழ்வதும், இனிக் கேள்வி முறையில்லை என்று குடியானவர் கலங்குவதும் பொருந்தா.

இன்னொரு சிக்கலையும் மறைக்கலாகாது. ஒருமுறை ஏற்றுக்கொண்ட மூலச் சட்டத்தை ராஜ்யச் சட்டமன்றம் தானாகத் திருத்த முடியாது, பார்லிமெண்டே திருத்தவேண்டும். தவிரவும், 1986-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் அந்நிய தேசங்களோடு செய்த முடிவுகளை நிறைவேற்றும் அதிகாரத்தைக் கொண்டு இயற்றப்பட்டது. அது நாடெங்கும் செல்லும். அதிலிருந்த சிறைத் தண்டனைகள் 2023-ம் வருஷத்தில் வேறொரு சட்டத்தால் 10,000 முதல் 15 லட்சம் வரையுள்ள தண்டமாக மாற்றப்பட்டன. அதற்கு எந்த ராஜ்யத்தின் தீர்மானமும் வேண்டியிருக்கவில்லை.

ராஜ்யத்துக்குரிய விஷயத்தில் பார்லிமெண்டு கைவைத்தால் நேருவதை ஐக்கிய சங்கங்களே அநுபவித்திருக்கின்றன. சங்கங்களைப் பற்றி 2011-ம் வருஷத்தில் அரசியல் சட்டத்துக்குச் செய்த 97-வது திருத்தம், பாதி ராஜ்யங்களின் ஒப்புதல் பெறப்படவில்லை என்ற காரணத்தால், ஒரு ராஜ்யத்துக்குள் அடங்கிய சங்கங்களைப் பொறுத்தவரை செல்லாது என்று 2021 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று.

நீர்ச் சட்டத்தின் திருத்தத்தை ஒரு ராஜ்யம் ஏற்பதற்கு வேண்டியது அதன் சட்டமன்றத் தீர்மானம் ஒன்றே. இரு சபைகள் உள்ள ராஜ்யத்தில் இரண்டும் அதை நிறைவேற்றவேண்டும். ஒரு சபை அவசரப்பட்டால் மற்றது நிறுத்திக் கேட்கும். தமிழ்நாட்டில் 1986 முதல் ஒரே சபை. அங்கே அத்தகைய தீர்மானம் எந்நாளில் வந்தாலும், அந்த நாளின் அலுவல் பட்டியலில் அது ஓர் இனமாக அச்சாகும். அதன்மேல் பேசவும் வோட்டளிக்கவும் ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், வேலூர், இராணிப்பேட்டைத் தொகுதிகளின் அங்கத்தினர்களுக்கு உரிமை உண்டு. டில்லி மேல்சபையின் அங்கத்தினரைப் போலன்றி, அவர்கள் கிராமத்தாரின் வோட்டினால் நேராகச் சென்றவர்கள். சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதி, மினிட்டுப் புஸ்தகத்தில் பதிந்து, அதன் நகலை அவர்களுக்கு அனுப்புவதற்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை.